மழலையர் வகுப்பில் பிள்ளைகளைக் கவனித்து எழுத எந்த முறை?

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துபவர்கள் ஜூன் மாதம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சியை இந்த ஆண்டு எப்படிப் பதிவு செய்யப்போகிறோம்? பல பள்ளிகளில் இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. போன வருடம் அச்சடித்த புரோக்ரஸ் கார்டு அலமாரியில் மிச்சம் இருக்கும், அதுவே இந்த வருடமும் ஓடும். ரைம்ஸ் ஏ பிளஸ், எண்கள் ஏ, பழக்கவழக்கம் நன்று. தன் பிள்ளை யாரோடு விளையாடுகிறது, எதற்குத் தயங்குகிறது, என்னவெல்லாம் கேட்கிறது என்று அந்தக் கார்டை வாங்கிப் பார்க்கும் அம்மாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

கைவசம் இருக்கும் முறைகள் பல. வளர்ச்சிப் பட்டியலில் டிக் போடுவது, நடந்ததை நடந்தபடி குறிப்பாக எழுதுவது, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பது, ஒரு குறிப்பிட்ட நடத்தையை மட்டும் எண்ணுவது, வரைந்தவற்றையும் செய்தவற்றையும் கோப்பில் சேர்ப்பது, தரப்படுத்திய சோதனை வைப்பது. இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு மிஸ், ஒரு ஆயா உள்ள சாதாரண எல்.கே.ஜி. வகுப்பை மனதில் வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுகிறேன். அந்த வகுப்பில் நடத்த முடியாத முறை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நமக்குப் பயனில்லை.

எழுத்துத் தேர்வை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, இந்த வயதில் தேர்வு வைப்பது அறவே பொருந்தாது என்கிறது. கவனித்தல், பிள்ளைகள் செய்த வேலைகளை ஆராய்தல் என்ற இரண்டு வழிகளைத்தான் அது பரிந்துரைக்கிறது. அப்படியும் எல்.கே.ஜி.க்கு மாதத் தேர்வு வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அன்று காலை அந்தப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க மனம் இருந்ததா என்பதற்கு மேல் அந்த மதிப்பெண்ணில் ஒன்றும் தெரியாது.

எதைப் பார்ப்பது?

முறைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது. ஆசிரியர் பயிற்சியில் பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோம். வகுப்பில் நிற்கும்போது அவை நினைவுக்கே வருவதில்லை. ஆனால் அவை வேலை செய்ய வேண்டிய இடமே அதுதான்.

தண்ணீர் விளையாட்டு நடக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி அகலக் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீரை உயரமான ஒடுக்கு டம்ளரில் ஊற்றுகிறாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். கொஞ்சம் மேசையில் சிந்துகிறது. பக்கத்துப் பையனிடம் அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. "எனக்குத்தான் நிறைய" என்கிறாள். "இல்ல, ரெண்டும் ஒண்ணுதான், மிஸ் ஒரே அளவுதான் ஊத்துனாங்க" என்கிறான் அவன். அவள் மிஸ்ஸைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு டம்ளர் தண்ணீரை மறுபடி கிண்ணத்தில் ஊற்றுகிறாள்.

யேல் பல்கலைக்கழகத்தில் 1911 முதல் குழந்தைகளை ஆராய்ந்த ஆர்னால்டு கெசல் வழியில் பார்ப்பவர், பிடி எப்படி, எவ்வளவு சிந்தியது, வயதுக்கு ஏற்றதா என்று எழுதுவார். பியாஜே வழியில் பார்ப்பவருக்கு உயரத்தை வைத்து அவள் அளவைத் தீர்மானித்தது கண்ணில் படும். இரண்டிலிருந்து ஏழு வயது வரையான கட்டத்தின் அடையாளமாக பியாஜே சொன்னது இதைத்தான். வைகாட்ஸ்கி வழியில் பார்ப்பவர் பையன் சொன்னதை விடமாட்டார். அவன் பேசிய பிறகுதான் அவள் தண்ணீரைத் திருப்பி ஊற்றிச் சரிபார்க்கிறாள், தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்று எழுதுவார். குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றிய பவுல்பி, மேரி எயின்ஸ்வொர்த் ஆகியோரின் பிணைப்புக் கோட்பாட்டில் ஊறியவர், சந்தேகம் வந்ததும் அவள் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள் என்பதைக் குறித்துக்கொள்வார்.

நான்கும் உண்மை. ஆனால் ஒரு மிஸ்ஸால் நான்கையும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. எனக்கு இதில் ஒரு தெளிவான சாய்வு உண்டு. வகுப்பு நடத்துபவருக்கு வைகாட்ஸ்கியின் பார்வைதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். 1934-இல் 37 வயதிலேயே காசநோயால் இறந்துபோன அந்த ரஷ்யர் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. சோதனையில் எட்டு வயது அளவில் நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்குச் சிறு குறிப்பு கொடுத்து உதவினால், ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்குரிய கணக்கைச் செய்கிறது, இன்னொன்று பன்னிரண்டு வயதுக்குரியதைச் செய்கிறது. அப்படியானால் இரண்டு பேரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? பிள்ளை எதைத் தனியாகச் செய்கிறது, எதைத் துணையோடு செய்கிறது என்று குறித்து வைத்தால், நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மிஸ்ஸுக்குத் தானே தெரியும். 'ஏ பிளஸ்' அதைச் சொல்லாது.

பியாஜேவை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. 1920 வாக்கில் பாரிஸில் பிள்ளைகளுக்கு அறிவுச் சோதனை நடத்தும் வேலையில் இருந்தபோது, சரியான விடைகளைவிடத் தவறான விடைகள்தான் அவரை ஈர்த்தன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி ஏன் தவறுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனதில்தான் அவருடைய கோட்பாடு பிறந்தது. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். வயதுக் கட்டங்களை இரும்பு வேலியாக மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. 1974-இல் எடின்பரோவில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் செய்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். இரண்டு வரிசைகளில் சமமாக வைத்த வில்லைகளில் ஒரு வரிசையைப் பெரியவர் நகர்த்திவிட்டு "இப்போதும் சமமா?" என்று கேட்டபோது, நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலரே சமம் என்றார்கள். அதே வரிசையை ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிட்டது என்று காட்டியபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலிருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. கேட்கும் விதம் மாறினால் விடையும் மாறுகிறது. இனி வரும் எல்லா முறைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பட்டியலில் டிக் போடுவது

நம் ஊரில் அதிகம் புழங்குவது இதுதான். அங்கன்வாடியில் கொடுக்கும் தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகள் இருக்கின்றன. தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது கற்றல் ஏணி வந்தது. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் குறிப்பதும் ஒருவகையில் இதே முறைதான். குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. பிள்ளைத்தமிழில் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம், வருகைக்கு ஓராண்டை ஒட்டிய காலம் என்று வரிசை உண்டு. தலையைத் தூக்கி ஆடுவது, கை தட்டுவது, நடந்து வருவது என்று அந்தப் பருவங்களை வகுத்தவர்கள் குழந்தைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பட்டியலின் பெரிய பலம் வேகம். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும், யாரும் விடுபட மாட்டார்கள். அமைதியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், தொந்தரவே கொடுக்காத பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது என்பது பல நேரம் பட்டியல் இருந்தால்தான் வெளிப்படும்.

பலவீனம், பட்டியலில் போட்டிருக்கும் வயதை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. கெசல் அளவுகளை எடுத்தது பெரும்பாலும் நியூ ஹேவன் நகரத்து வெள்ளை இனக் குடும்பங்களின் குழந்தைகளிடம். அதற்கு நேர்மாறாக, இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. ஒன்பது மாதத்தில் நடந்ததும் சரி, பதினேழு மாதத்தில் நடந்ததும் சரி. அந்த ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது. முன்பு பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டிருந்தார்கள், இப்போது 75 சதவீதத்தினராவது செய்யும் வயதைப் போடுகிறார்கள். ஆகவே உங்கள் கையில் இருக்கும் பட்டியலின் வயது சராசரியா, எல்லையா என்று தெரியாமல் டிக் போடக் கூடாது. சராசரியை எல்லை என்று நினைத்தால் பாதி வகுப்பு பின்தங்கியதாகத் தெரியும், எல்லையைச் சராசரி என்று நினைத்தால் உதவி தேவைப்படும் பிள்ளையிடம் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று இருந்துவிடுவோம்.

இன்னொரு சிக்கல், டிக்கில் கதை இல்லை. 'பகிர்ந்து விளையாடுகிறது – ஆம்.' யாரிடம்? எந்தப் பொருளை? மிஸ் பக்கத்தில் நின்றபோதா? தெரியாது.

நடந்ததை எழுதுவது

நான் முதலிடம் கொடுப்பது நிகழ்வுக் குறிப்புக்குத்தான். பழைய முறை இது. டார்வின் தன் மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் இப்படித்தான் கவனித்து எழுதினார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் இருந்து ஆசிரியர் பயிற்சி நடத்திய மரியா மாண்டிசோரி, குறுக்கிடாமல் பார்க்கத் தெரிவதை ஆசிரியரின் முதல் தகுதியாகவே வைத்தார்.

எழுதத் தெரியாமல் எழுதினால் இந்த முறை மோசமாகப் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவாக டைரியில் பார்க்கக் கிடைப்பது இப்படி இருக்கும்: 'இன்று மிகவும் பிடிவாதம். மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. பாலத்தைக் கலைத்தான்.' இது குறிப்பு இல்லை, தீர்ப்பு. அதே நிகழ்வை இப்படி எழுதலாம்:

'காலை 10.20. கட்டை விளையாடும் இடம். இரண்டு பையன்கள் பாலம் கட்டுகிறார்கள். பக்கத்தில் போய் நின்று பார்த்தான். நீலக் கட்டை ஒன்றை எடுத்து நீட்டினான். ஒன்றும் பேசவில்லை. "வேணாம், போ" என்றான் ஒருவன். மறுபடி நீட்டினான். அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பாலத்தை உதைத்தான். ஆயா கூப்பிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.'

முதல் குறிப்பைப் படிப்பவர் பையனைக் கண்டிப்பார். இரண்டாவதைப் படிப்பவருக்கு, அவன் சேர்ந்து விளையாட இரண்டு முறை முயன்றான், கேட்க வார்த்தை வரவில்லை என்பது புரியும். "நானும் வரட்டா?" என்று கேட்க மறுநாள் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பேச்சு குறைவாக இருப்பதே தொடர்ந்து இரண்டு மூன்று குறிப்புகளில் வந்தால், அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். நேரம், இடம், பிள்ளை செய்தது, சொன்ன வார்த்தை அப்படியே. மிஸ்ஸின் கருத்து ஏதாவது இருந்தால் கீழே கோடு போட்டுத் தனியாக.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள் போதும். பத்துப் பள்ளி நாளுக்குள் ஒரு சுற்று வந்துவிடும். 200 வேலை நாளில் ஒரு பிள்ளைக்கு இருபது குறிப்புக்கு மேல் சேரும். துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்து, பிள்ளைகள் தூங்கும்போது நோட்டில் ஒட்டினால்கூடச் சரிதான். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே போவது முக்கியம். இல்லாவிட்டால் சேட்டை செய்பவர்களும் சுட்டியாகப் பேசுபவர்களும் நோட்டை நிரப்பிவிடுவார்கள், நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பக்கம் காலியாகவே கிடக்கும்.

எண்ணிப் பார்ப்பது, கோப்பு, சோதனை

குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்கும் நேர மாதிரி முறையில் புகழ்பெற்றது மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு. மினசோட்டாவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராக, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் பார்த்து, சும்மா இருப்பது, தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்தபடி தன் விளையாட்டை விளையாடுவது, கலந்து விளையாடுவது, கூடிச் செய்வது என்று வகைப்படுத்தினார். ஆராய்ச்சிக்கு அருமையான முறை. நம் மிஸ்ஸால் நாள் முழுக்க இதைச் செய்ய முடியாது. தனியாக இருக்கிறதே என்று நாம் கவலைப்படும் ஒரு பிள்ளைக்கு மட்டும், ஒரு வாரம், விளையாட்டு நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக் குறித்தால் போதும். தனியாக விளையாடுவதெல்லாம் குறையும் இல்லை. ஆழ்ந்து எதையோ செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கும் சுற்றிச் சுற்றி வந்தும் சேர முடியாத பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

சண்டை, கடித்தல், அழுகை போன்றவற்றுக்கு நிகழ்ச்சியை மட்டும் பிடித்து எழுதும் முறை நல்லது. முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி. ஹெலன் டாவே 1934-இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் 200 சண்டைகளை இப்படி ஆராய்ந்தார். சராசரியாக ஒரு சண்டை நீடித்தது சுமார் 24 விநாடி. நாம் ஓடிப் போய் விலக்குவதற்குள் பெரும்பாலானவை தானே முடிந்துவிடுகின்றன என்பதை எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடியும்.

கோப்பு செலவில்லாதது. வரைந்த படத்தின் பின்னால் தேதியையும், அதைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வரியையும் எழுத வேண்டும், அது இல்லாவிட்டால் வெறும் காகிதக் கட்டு. மிஸ் கைபிடித்து வரைய வைத்த அழகான மாம்பழத்தைவிடப் பிள்ளை தானாகக் கிறுக்கியதை வையுங்கள்.

தரப்படுத்திய சோதனைகளைப் பள்ளி வாங்கி நடத்துவது தேவையில்லை என்பது என் கருத்து. அவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 1905-இல் பிரெஞ்சு உளவியலாளர் பினே தன் அறிவுச் சோதனை அளவுகோலை உருவாக்கியதே தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகத்தான். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய, இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கான 17 அம்ச வளர்ச்சி அட்டவணை, சுகாதாரப் பணியாளர்களும் எளிதாகப் பயன்படுத்தக்கூடியது. ஆட்டிசத்துக்கான எம்-சாட்-ஆர் வினாப்பட்டியல் 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளின் பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்கிறது. ஆனால் இவை சல்லடை மட்டுமே. இவற்றில் சிக்கியது என்பதாலேயே ஒரு பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று ஆகிவிடாது, அதை உறுதிப்படுத்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அரைகுறைப் பயிற்சியோடு பள்ளியில் சோதனை நடத்தி, ஒரு பெயரை ஒட்டிவிட்டால், அந்தப் பெயர் அந்தக் குடும்பத்தில் வருடக்கணக்கில் தங்கிவிடும்.

என் தேர்வு

அந்த எல்.கே.ஜி. வகுப்புக்கு முதுகெலும்பாக நிகழ்வுக் குறிப்பு, ஆகஸ்டிலும் ஜனவரியிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வளர்ச்சிப் பட்டியல், மாதம் ஒரு படமாவது சேரும் கோப்பு. எண்ணும் முறைகள் ஒரு குறிப்பிட்ட கவலை எழும்போது மட்டும். பட்டியலை நிரப்பும்போது குறிப்பு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிக் போட ஆதாரமாக ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அந்த வாரம் அதைக் கவனிக்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு என் பதில் வேறு. எடை எடுப்பது, உணவு, பதிவேடுகள், செயலியில் ஏற்றுவது என்று ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவர்களுக்கு அட்டையில் உள்ள பட்டியலே முதல், நாளுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு குறிப்பு இரண்டாவது. வீட்டில் ஒரே பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பட்டியலை அடிக்கடி எடுத்துப் பார்ப்பது பதற்றத்தைத்தான் கூட்டும். பிள்ளை புதிதாகச் சொன்ன சொற்களையும் கேட்ட கேள்விகளையும் தேதியோடு எழுதி வைப்பது அவர்களுக்குப் போதும்.

பெற்றோர் சந்திப்பில் 'என் பிள்ளை எத்தனையாவது?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஜூன் மாதக் குறிப்பு ஒன்றையும் நவம்பர் மாதக் குறிப்பு ஒன்றையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டினால் பேச்சு வேறு திசையில் போகும்.

கவலைக்குரியதாக ஏதாவது தெரிந்தால், பள்ளி நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. பார்த்ததை மட்டும் சொல்லி, குழந்தை மருத்துவரிடமோ மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அனுப்பலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும், அந்த நாளில் நோட்டு தயாராக இருக்கட்டும். பேச்சு தாமதமான பிள்ளை என்றால் முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது பட்டியலின் நகலோடு தேதியிட்ட நாலைந்து குறிப்புகளையும் அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். கால் மணி நேரம் மட்டும் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருக்கு, வகுப்பில் மாதக்கணக்கில் பார்த்தது அதில் இருக்கும்.